உங்களுக்குத் தெரியுமா?

வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூஜாக்களும், அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கும் ஒரே கண்ணாடிப் பேழையில்! 1992-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அப்படி வைத்தவர் பிரெட் வில்சன் என்ற கலைஞர். பெயர்ச்சீட்டில் 'உலோக வேலை 1793–1880' என்று மட்டுமே இருந்தது.

• விலங்கை அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. கண்காட்சி நடந்த மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பையே அலசி ஆராய்ந்தபோது கிடைத்தது.

• அழகிய பழங்கால நாற்காலிகளை, கசையடிக் கம்பத்தைப் பார்த்தபடி போட்டார். பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

• மூன்று பீடங்களை வெறுமையாக விட்டார். ஹாரியட் டப்மன், பிரெடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானெக்கர் என்ற பெயர்கள் மட்டும் அவற்றில் இருந்தன. மூவருமே மேரிலாந்தில் பிறந்த புகழ்பெற்ற கறுப்பினத்தவர். சங்கத்திடம் அவர்களுக்கு மார்பளவுச் சிலை இல்லை, நெப்போலியனுக்கு இருந்தது.