உஷார்! பி.பி.ஏ. முடித்துவிட்டு இன்ஜினியரிங் மாஸ்டர்ஸா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பி.காம்., பி.பி.ஏ. கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதை அவசியம் படித்துவிடுங்கள். "எந்த டிகிரியாக இருந்தாலும் இன்ஜினியரிங்கில் மாஸ்டர்ஸ் பண்ணலாம் சார், சீட்டு கன்ஃபார்ம்" என்று யாராவது சொன்னால், அட்வான்ஸைக் கையில் எடுக்காதீர்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை. ஏமாறுவது அந்தப் பாதியை நம்பித்தான்.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். காமர்ஸ், ஆர்ட்ஸ் மாணவர்களும் இப்போது கேட் எழுதலாம். மூன்றாம் வருடம் படிக்கும்போதே எழுதலாம். இதைச் சொல்லித்தான் கோச்சிங்குக்கு ஆள் பிடிக்கிறார்கள். ஆனால் தேர்வு எழுதும் தகுதி வேறு, எம்.டெக். சேரும் தகுதி வேறு. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் எம்.டெக்.குக்கு பி.இ., பி.டெக். அல்லது அதற்கு ஈடான பட்டம் கேட்பார்கள்; சில துறைகளில் இயற்பியல், கணிதம் போன்ற எம்.எஸ்சி. பட்டங்களையும் ஏற்பார்கள். பி.காம். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. எவ்வளவு நல்ல ஸ்கோர் வாங்கினாலும், விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயரை நிரப்பும் இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

உள்ளூரில் கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிந்ததும் பேச்சு அமெரிக்கா பக்கம் திரும்பும். அங்கே அதிகம் விற்கப்படுவது 'எம்.எஸ். இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்'. படிப்பைக் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே இன்ஜினியராக இருப்பவரை நிர்வாகத்துக்குத் தயார் செய்யும் நல்ல படிப்பு அது. அதனாலேயே பல பல்கலைக்கழகங்கள் இதற்கும் பி.இ. அல்லது அறிவியல் பட்டம் கேட்கின்றன. பி.பி.ஏ. முடித்தவர் சேர்ந்தால் என்ன நடக்கும்? பிராஜெக்ட் மேனேஜ்மென்ட், சப்ளை செயின், ஃபைனான்ஸ் என்று மூன்று வருடம் படித்ததையே டாலர் கொடுத்து இன்னொரு முறை படிப்பார். மெஷின் டிசைனோ சர்க்யூட்டோ கற்றுக்கொள்ளாமலே வெளியே வருவார்.

மாணவர் விசாவுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் மேஜர் என்ற இடத்தைப் பாருங்கள். படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். 14 என்று தொடங்கினால் இன்ஜினியரிங். 52 என்றால் பிசினஸ். இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்டுக்கு வழக்கமான எண் 15.1501. படித்து முடித்தபின் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் கேட்க முடியுமா என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. கல்லூரி வாசலில் தொங்கும் போர்டு அல்ல. 15.1501 அந்த 24 மாதம் தரும் எண்களின் பட்டியலில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் மாதங்கள் கிடைப்பதும் இன்ஜினியர் ஆவதும் ஒன்றில்லை. கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமம் வேண்டுமென்றால், பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் ஏபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இளநிலை இன்ஜினியரிங் பட்டம்தான் நேர்வழி. மாஸ்டர்ஸை மட்டும் காட்டினால் பல இடங்களில் எடுபடாது.

ஜெர்மனி என்றால் ஃபீஸ் இல்லை என்று ஆசை காட்டுவார்கள். அங்கே மார்க் ஷீட்டைப் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: கணிதம் இத்தனை கிரெடிட், மெக்கானிக்ஸ் இத்தனை கிரெடிட் என்று. பி.காமில் படித்த பிசினஸ் மேத்ஸ் அந்தக் கணக்கில் எங்கேயும் எட்டாது. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகியிருக்கும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்குக் கட்டணம் 18,000 ரூபாய். அது உங்கள் சான்றிதழ்கள் அசல் என்று சொல்லுமே தவிர, அந்தப் படிப்புக்கு நீங்கள் தகுதியானவர் என்று சொல்லாது. "ஏ.பி.எஸ். வந்துவிட்டது, இனி சீட்டு வந்த மாதிரிதான்" என்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் குறுக்கு வழி இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லீப் திட்டம், வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை இன்ஜினியரிங் மாஸ்டர்ஸுக்குக் கொண்டுபோவதற்கென்றே இருக்கிறது. கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், இயற்பியல், அதன்மேல் இளநிலை இன்ஜினியரிங் பாடங்கள் என எல்லாவற்றையும் படித்த பிறகுதான் மாஸ்டர்ஸ் பாடங்கள். கம்ப்யூட்டர் பக்கம் போவதென்றால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஐ.டி. உண்டு.

நம் ஊரிலேயே எனக்கு அதிக நம்பிக்கை தருவது சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. பி.காம். முதல் வருடத்திலேயே இதில் சேரும் பிள்ளை, கடைசி வருடத்தில் கன்சல்டன்சி வாசலில் நிற்கும் பிள்ளையைவிட எவ்வளவோ முன்னால் இருக்கும். கணிதம் வருமா வராதா என்பதும் வீட்டிலிருந்தபடியே, சில ஆயிரம் ரூபாய் செலவில் தெரிந்துவிடும்.

இன்னும் அவசரமான ஒன்று, கடன். வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது குடியிருக்கும் வீட்டின் பத்திரம். 'கண்டிஷனல் அட்மிஷன்' என்று கடிதம் வந்திருந்தால் அந்த கண்டிஷன் என்னவென்று வரிவரியாகப் படியுங்கள். முன்பாடங்களை முடித்தாக வேண்டும் என்றிருக்கும். அந்த கிரெடிட் பல இடங்களில் பட்டத்தில் சேராது, ஃபீஸ் மட்டும் சேரும். படிப்பும் ஒன்றிரண்டு செமஸ்டர் நீளும்.

ஆகவே கன்சல்டன்சி மூலம் கேட்காமல், பல்கலைக்கழக அட்மிஷன் பிரிவுக்கு நீங்களே மெயில் போடுங்கள். மார்க் ஷீட்டை இணைத்து நான்கே கேள்வி: என் பட்டத்தோடு நேரடியாகச் சேர்ப்பீர்களா? எந்தெந்த முன்பாடங்கள் குறைகின்றன? அதற்கு எவ்வளவு கட்டணம்? அந்த கிரெடிட் பட்டத்தில் சேருமா? பதில் எழுத்தில் வரும்வரை பேங்கில் எந்தத் தாளிலும் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.