பதினெட்டு வயதில் எத்தனை சிசி?

காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் கால் வைக்கும் பையன், வீட்டில் அடம்பிடிப்பது பெரும்பாலும் பைக்குக்காகத்தான். அப்பா ஸ்ப்ளெண்டர் என்பார். மகன் டியூக் என்பான். இந்த வம்பே வேண்டாம், ஸ்கூட்டி போதாதா என்பார் அம்மா. மூவரில் யார் சொல்வது சரி என்று சட்டத்தைக் கேட்டால் அது வாய் திறக்காது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், கியர் இல்லாத 50 சிசி வரையிலான வண்டிக்கு 16 வயது, மற்றவற்றுக்கு 18 வயது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி, கியர் வண்டிக்கான உரிமம் வாங்கியவர் மறுநாளே 1340 சிசி சுஸுகி ஹயபூசாவில் ஏறலாம். 350 சிசி வரை வரியும் பேதம் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான எல்லா பைக்குகளுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஸ்ப்ளெண்டருக்கும் புல்லட்டுக்கும் ஒரே விகிதம்.

காரைக்காலில் பல குடும்பங்களுக்கு பிரான்சில் உறவினர் உண்டு. அங்கே வளரும் பிள்ளைக்குக் கணக்கே வேறு. 16 வயதில் 125 சிசி, 11 கிலோவாட்டுக்கு மிகாத வண்டி. 18 வயதில் 35 கிலோவாட் வரை. அந்த உரிமத்தோடு இரண்டு ஆண்டுகளைக் கடந்து, கூடுதல் பயிற்சியும் முடித்த பிறகுதான் பெரிய வண்டியைத் தொடலாம். அங்கே சட்டம் கட்டிவைத்த படிகளை இங்கே குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த முதல் படியை நம் ஷோரூமுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 11 கிலோவாட் என்பது ஏறக்குறைய 15 குதிரைத்திறன். சுமார் 8 குதிரைத்திறன் உள்ள ஸ்ப்ளெண்டர் பிளஸ், 11 சொச்சம் உள்ள டிவிஎஸ் ரைடர் 125, ஹோண்டா ஷைன் 125 எல்லாம் இதற்குள் அடங்கும். 20 குதிரைத்திறன் உள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 25 உள்ள கேடிஎம் டியூக் 200, 18க்கு மேல் போகும் யமஹா ஆர்15 மூன்றும் வெளியே நிற்கும்.

சிசி பற்றிப் பேசும் அளவுக்கு எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சந்தில் வண்டியைத் திருப்பும்போதும், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மண் தரையில் நிறுத்தும்போதும்தான் தெரியும். ஷோரூமில் வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிப் பார்ப்பது நல்லது. நுனிக்கால்தான் எட்டுகிறது என்றால், அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, என்ஜினைப் போடாமல் நாலடி பின்னால் தள்ளிப் பார்த்தால் மிச்சமும் புரிந்துவிடும்.

அடுத்தது பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை, ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்றது விதி. டெல்டாவில் இது ஏட்டோடு நிற்கும் சமாச்சாரமில்லை. சம்பா அறுவடை நாட்களில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். வண்டி ஏறிவிடக் கூடாதென்று ஓரத்தில் கல் வரிசை இருக்கும். மீதிப் பாதியில் வைக்கோல் சிதறிக் கிடக்கும், டிராக்டர் சக்கரம் உதிர்த்த வயல் சேறும் கிடக்கும். பழகாத கை அங்கே முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சுழற்சி நின்று வழுக்கும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளவிடாது. ஆனால் வைக்கோலுக்கு அடியில் இல்லாத பிடிமானத்தை அதாலும் தர முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு விநாடி தாமதித்துப் பிரேக் பிடித்தால், வண்டி வேகம் குறையத் தொடங்கும் முன்பே சுமார் 17 மீட்டர் ஓடிவிடும்.

பட்ஜெட் இடித்தால் செகண்ட் ஹேண்ட் வண்டியில் தவறில்லை. ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. பக்கத்தில் இருக்கும் நாகையின் டிஎன் 51 வண்டியோ மயிலாடுதுறையின் டிஎன் 82 வண்டியோ, இங்கே வெளிமாநில வண்டி. அதை பிஒய் 02 ஆக மாற்ற, பழைய ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஆர்சியில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, அபராதம் பாக்கியா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கடலோர உப்புக்காற்று சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ், செயின் ஆகியவற்றைத்தான் முதலில் அரிக்கும். புது பெயின்ட் பளபளத்தால் குனிந்து அடியைப் பார்ப்பது நல்லது. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கமும் பேசும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது.

புதிய வண்டி என்றால் ஆன்-ரோடு விலையைக் கேட்டு வாங்க வேண்டும். ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு அதில் கட்டாயம் சேரும். ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு மீதியில் வண்டி தேடுவதே நல்லது. ஐஎஸ் 4151 தரக்குறி இல்லாத ஹெல்மெட் விற்க 2021 ஜூன் முதல் தடை இருக்கிறது. புதுச்சேரியில் ஹெல்மெட் அரசியலாகவே ஆனது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி கட்டாயமாக்கியதை எதிர்த்தும், வேறு கோரிக்கைகளுக்காகவும் முதல்வர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் எதிரே தர்ணாவில் உட்கார்ந்தார். ஹெல்மெட் அணியாததால் 2022இல் மட்டும் நாடு முழுக்க 50,029 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது.

யூடியூப் சாகசங்களைப் பார்த்து வண்டி தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு யூடியூபர் டிடிஎஃப் வாசன் கதை தெரிந்திருக்கும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி விழுந்தவரின் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை விதிமீறினால் பெற்றோருக்கே சிக்கல்: சட்டத்தின் 199ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கோ 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

எல்எல்ஆர் எனும் பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்துத்தான் எட்டுப் போட முடியும்; அந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எல் இருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் உரிமதாரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஊர் உள்தெருக்களில் தொடங்கி, கூட்டம் மொய்க்கும் சனிக்கிழமையை விட்டு மற்ற நாட்களில் திருநள்ளாறு வரை பழகலாம். வாஞ்சூர் துறைமுக லாரிகள் ஓடும் நாகூர் சாலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.