மழைநீர் யாருடைய கணக்கில்?

'பசுமை நகரம்', 'கடற்பஞ்சு நகரம்' என்ற சொற்கள் ஜேர்மனியின் மாநகரசபை அறிக்கைகளில் அண்மைக்காலமாக அடிக்கடி தென்படுகின்றன. கூரையில் புல் வளர்ப்பது, கார் நிறுத்துமிடத்தின் தாரைக் கிளறி எடுப்பது, தெருவோரத்தில் பள்ளம் வெட்டிச் செடி நடுவது எல்லாம் இதற்குள் அடங்கும். இதுபற்றி நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்களைக் கேட்கிறேன். வயிறு நிறைந்த வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு இது என்பது ஒன்று. குளமும் கேணியும் வெட்டிய எமது முன்னோருக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும் என்பது மற்றது. இரண்டும் விடயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து. நிலத்தை மூடியவர் யார், அதன் செலவைச் சுமப்பவர் யார் என்பதே இங்குள்ள கேள்வி.

தண்ணீர்க் கணக்கு

ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 30 மில்லிமீற்றர் இடிமழை பெய்தால் 3000 லீற்றர். அது புல்வெளியில் விழுந்தால் ஒரு பகுதியை மண் குடிக்கும், ஒரு பகுதி இலைவழி ஆவியாகும், மீதி ஆறுதலாக ஓடும். ஓட்டிலும் தாரிலும் விழுந்தால் ஏறக்குறைய முழுவதும் சில நிமிடங்களில் பீலிவழியாகக் குழாய்க்குள் வந்துவிடும். பழைய ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மலசலகூடக் கழிவு போவதும் அதே குழாயில்தான். குழாய் நிரம்பினால் இரண்டும் கலந்த நீர் ஆற்றுக்குள் வழியவிடப்படும். அல்லது தெருவுக்கும், தெருவைவிடத் தாழ்ந்த கெல்லருக்கும் திரும்பி வரும்.

இதை விளங்கிக்கொள்ள நம்மவர் பலர் வாழும் றூர் பிரதேசத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. டோர்ட்முண்ட் பக்கத்தில் தொடங்கி ரைன் நதியில் சேரும் எம்ஷர் ஆறு நூறாண்டுக்கு மேலாகத் திறந்த சாக்கடையாக இருந்தது. நிலக்கரி தோண்டியதால் தரை தாழ்ந்துகொண்டேயிருந்தது. நிலத்தின்கீழ் குழாய் பதித்தால் உடைந்துவிடும். எனவே 1899இல் நகரசபைகளும் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து எம்ஷர் கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, ஆற்றை நேராக்கிச் சீமெந்துப் படுக்கை போட்டு, கழிவை அதிலேயே ஓடவிட்டன. சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்து தரை ஓய்ந்த பின்னரே, 1992இல், மாற்றும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 550 கோடி யூரோ செலவில், 51 கிலோமீற்றர் நீளமான நிலக்கீழ்க் கழிவுக்குழாய் உட்பட எல்லாம் கட்டப்பட்டு, 2021 இறுதியில் ஆறு கழிவு நீங்கியது.

ஆனால் மழைநீரும் அந்தக் குழாய்க்குள்ளேயே போனால், எவ்வளவு பெரிய குழாயும் போதாது. அதனால் 2005இல் எம்ஷர் நகரங்களும் கூட்டுறவு அமைப்பும் மாநில அரசும் ஓர் உடன்பாடு செய்தன: 15 ஆண்டுகளுக்குள் குழாய்க்குள் போகும் மழைநீரில் 15 வீதத்தைப் பிரித்தெடுப்பது. இப்போதைய இலக்கு 2040க்குள் 25 வீதம்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

மிகச் சாதாரணமான வழி, பீலித் தண்ணீரைப் புல் வளர்ந்த ஆழமற்ற பள்ளத்துக்குத் திருப்புவது. 30 சென்ரிமீற்றர் அளவு ஆழம் போதும். மேலேயுள்ள உயிருள்ள மண்படை அழுக்கை வடிகட்டும். மண் இறுக்கமானதென்றால் அதன்கீழ் சரளைக்கல் நிரப்பிய அகழி ஒன்று தண்ணீரைத் தேக்கிவைத்து மெல்ல ஊறவிடும். ஒன்றிரண்டு நாளில் பள்ளம் காய்ந்துவிட வேண்டும். எனவே நுளம்பு பெருகும் என்ற பயத்துக்கு இடமில்லை. கூரையில் பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பில் மண்கலவை போட்டுச் செடி வளர்த்தால், ஆண்டு மழையில் பாதியளவு குழாய்க்குப் போகாமல் ஆவியாகிவிடும். கோடையில் கீழேயுள்ள அறையும் வெக்கை குறையும். தகரக் கூரையின்கீழ் இயந்திரத்தோடு நின்று பின்நேர வேலை செய்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல என்பதை நான் அனுபவத்தில் சொல்வேன்.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. பழைய தொழிற்சாலை நிலங்களில் மண்ணுக்குள் நஞ்சு இருக்கிறது. அங்கே தண்ணீரை ஊறவிட்டால் அது நஞ்சையும் கரைத்துக்கொண்டு போகும். எம்ஷர் பிரதேசத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு நிலம் சுரங்கத்தால் தாழ்ந்துபோய், பம்பி இறைத்தே காய வைக்கப்படுகிறது. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, பம்பி மட்டும் என்றைக்கும் ஓடவேண்டும்.

பணக் கணக்கு

இனி நமது சட்டைப்பைக்கு வருவோம். முன்பு பல நகரங்களில் கழிவுநீர்க் கட்டணம் குடிநீர்ப் பாவனையை வைத்தே கணிக்கப்பட்டது. மூன்றாம் மாடியில் ஐந்து பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம் நிறையத் தண்ணீர் பாவிக்கும், நிறையக் கட்டும். ஒரு கால்பந்து மைதானம் அளவு தார் போட்ட பேரங்காடியில் இரண்டு கழிப்பறைதான் இருக்கும். அது கொஞ்சமாகக் கட்டும். அதன் கார் நிறுத்துமிடத்து மழைநீரை அகற்றும் செலவைக் கட்டியது அந்தக் குடும்பம்தான்.

வடறைன்-வெஸ்ற்பாலிய மாநிலத்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2007 டிசம்பரில் இந்த முறை சமத்துவத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் கட்டணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: கழிவுநீருக்குப் பாவித்த குடிநீரின் அளவில், மழைநீருக்குக் குழாயோடு இணைந்த, மூடிய நிலத்தின் சதுர மீற்றரில். நிலத்தைத் திறந்து மழையைத் தன் வளவிலேயே ஊறவிடுபவருக்குக் கட்டணம் குறையும். எந்தப் பிரசாரமும் செய்யாத வேலையை இந்தக் கணக்கு செய்யத் தொடங்கியது.

ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் இந்த மழைக் கட்டணத்தை 'நெபன்கொஸ்ரன்' கணக்கில் சேர்த்து வாடகைக்கு இருப்பவரிடம் வாங்கலாம். பெரும்பாலும் வீட்டின் பரப்பளவின்படி அது பங்கிடப்படும். முற்றத்துக்குத் தார் போட்டவர் அவர். கட்டுபவர் கார்கூட இல்லாத குடியிருப்பாளர். தாரைக் கிளறுவதற்குச் செலவழிக்க வேண்டியவருக்கு அதனால் ஒரு சதமும் மிச்சமில்லை என்றால், அவர் ஏன் கிளறுவார்? வாடகை வீடுகள் நிறைந்த நகரங்களில் இந்த மாற்றம் மந்தமாக நடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. டோர்ட்முண்டின் ஹோர்டே பகுதியில் பீனிக்ஸ் உருக்காலை 2001இல் நின்றது. ஆலையைப் பிரித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடத்தில் 2010இல் தண்ணீர் நிரப்பத் தொடங்கி 24 ஹெக்ரயர் ஏரி ஒன்றை உருவாக்கினார்கள். எம்ஷர் பெருக்கெடுத்தால் மேலதிக நீரை அது தாங்கிக்கொள்ளும். நீரியல்படி நல்ல வேலை. ஆனால் ஏரிக்கரையில் எழுந்த வீடுகள் உருக்குத் தொழிலாளர் வாங்கக்கூடியவையல்ல. வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்ட நிலம், வாடகையால் ஏழையை வெளியே தள்ளுமென்றால், அந்தப் பசுமை யாருக்கு?

எல்லை எங்கே?

இந்த முறைகளை மந்திரமென நம்புவதும் ஆபத்து. 2008 ஜூலை 26இல் டோர்ட்முண்டின் மேற்குப் பகுதியில் சில மணித்தியாலங்களில் 200 மில்லிமீற்றர் அளவு மழை கொட்டியது. 2014 ஜூலை 28இல் முன்ஸ்ரர் நகரில் ஏழு மணித்தியாலத்தில் 292 மில்லிமீற்றர். ஒரு ஹெக்ரயருக்கு ஏறத்தாழ 29 இலட்சம் லீற்றர்! எந்தப் புற்பள்ளமும் இதைக் குடிக்காது. 2021 ஜூலையில் ஆர் பள்ளத்தாக்கிலும் பிற இடங்களிலும் வந்த வெள்ளத்தில் ஜேர்மனியில் மட்டும் 180 பேருக்கு மேல் இறந்தனர். அதே மாதம், 'கடற்பஞ்சு நகரம்' என்ற சொல்லைப் பரப்பிய சீனாவிலேயே, அத்திட்டத்தில் பெரும்பணம் போட்ட ஷெங்சோ நகரில் ஒரே மணித்தியாலத்தில் 200 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

ஆண்டுதோறும் பலமுறை வரும் மழையைச் சமாளித்துக் குழாயில் இடம் மிச்சம் வைப்பதே பள்ளமும் பசுங்கூரையும் செய்வது. பெருவெள்ளத்துக்குத் தண்ணீர் போக வழிவிட்ட தெருக்களும், தாழ்வில் வீடு கட்டாமையும், நேரத்துக்கு வரும் எச்சரிக்கையும் வேண்டும். அந்த எச்சரிக்கை மொழி தெரியாதவருக்கும் விளங்கவேண்டும்.

முன்னோர் பெருமை பற்றி

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. மழையைக் குளத்தில் தேக்கிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறக்கிக் கிணற்றில் அள்ளினோம் என்பது உண்மை. ஆனால் அதே கல் எதையும் வடிகட்டாமல் கீழே விடும் என்பதையும் சொல்லவேண்டும். மலக்குழியும் செயற்கை உரமும் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டின. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது. குளங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்புவதையும் நாமேதான் செய்தோம். முன்னோரின் அறிவைப் பாராட்டுபவர் அந்தக் குளங்களின் எல்லையை யார் பிடித்திருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

வாடகைக்கு இருப்போர் நெபன்கொஸ்ரன் கணக்கில் மழைநீர்க் கட்டணம் எவ்வளவு, எத்தனை சதுர மீற்றருக்கு என்று பார்க்கவேண்டும். பற்றுச்சீட்டைக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. குடியிருப்பாளர் சங்கங்கள் ஊடாக இதை அரசியல் கோரிக்கையாக்கவும் முடியும்: மூடிய நிலத்துக்கான கட்டணத்தில் ஒரு பங்கையாவது உரிமையாளரே கட்டவேண்டும் என்று. சொந்த வீடு வாங்கிய நம்மவரோ, முதல் வேலையாக முன்வளவு முழுவதற்கும் கல் பதித்து இரண்டு கார் நிறுத்துகிறார்கள். அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் இன்னொருவரின் கெல்லருக்குத்தான் போகிறது. அங்கே குடியிருப்பவர் அநேகமாக நம்மைவிட வசதி குறைந்தவர். சிலவேளை நேற்று வந்த அகதி.

வாடகையாளரின் கட்டணத்தை உரிமையாளர்மீது போட்டால் அவர் வாடகையை உயர்த்திவிடுவார் என வாதிடுவோர் உள்ளனர். அந்த வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. அதற்கு விடை வைத்திருப்போர் அடுத்த இதழில் எழுதவேண்டும்.