நெட் இல்லாமலும் பாடம் நடத்தலாம்!

கோவிட் பரவலால் 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. தனியார் பள்ளிகள் பலவும் ஜூம், கூகுள் மீட் என நேரடி வகுப்புகளுக்கு மாறின. அரசுப் பள்ளிகளுக்கு இது எளிதாக இல்லை. நேரடி வகுப்பு என்றால் பிள்ளைக்கு ஒரு போனும், தடையில்லாத நெட் இணைப்பும் அந்த நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும். 2020ல் ஏசர் ஆய்வு எடுத்த கணக்கின்படி, கிராமப்புற மாணவர்களில் ஏறத்தாழ 62 சதவீதத்தினர் வீட்டில்தான் ஸ்மார்ட் போன் இருந்தது.

எனவே அரசு, 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பியது. பிளஸ் 2 மாணவர்களின் இலவச லேப்டாப்களில் வீடியோ பாடங்கள் காப்பி செய்து தரப்பட்டன. இரண்டுக்குமே நெட் தேவையில்லை.

ஆனால் டிவி பாடம் யாருக்காகவும் நிற்காது. எங்கள் தெருவில் வசிக்கும் அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர் அப்போது என்னிடம் வந்தார். "சார், போன் அப்பாவோட வேலைக்குப் போயிடுது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் பிள்ளைங்க கைக்கு வருது. அதுலயும் ரெண்டு பேர் படிக்கணும்" என்றார்.

அவர் போனில் எடுத்த பத்து நிமிட வீடியோ ஒரு ஜிபியைத் தாண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் அன்று 16 எம்பி வீடியோதான் அனுப்ப முடியும். அந்த அளவுக்குச் சுருக்கினால் கரும்பலகை எழுத்து தெரியவில்லை. நாங்கள் செய்தது இதுதான்.

1. பாடத்தைக் குரலாக மட்டும் பதிவு செய்தோம். ஆடாசிட்டி என்னும் இலவச புரோகிராமில் திறந்து, மோனோ, 32 கேபிபிஎஸ் எம்பி3 பைலாக மாற்றினோம். பத்து நிமிடப் பாடம் சுமார் 2.4 எம்பிதான்!

2. கரும்பலகையை ஆறு போட்டோ எடுத்து, ஓரத்தில் எண் இட்டோம். "இப்போது மூன்றாம் படத்தைப் பாருங்கள்" என்று குரலிலேயே சொல்லிவிடுவார்.

3. பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளுக்கு எம்பி3 பைலை மெமரி கார்டில் ஏற்றி, போட்டோக்களை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

இரவு ஒன்பதுக்கு மேல் நோட்டுப் பக்கங்கள் போட்டோவாகத் திரும்பி வரும். திருத்தி அனுப்பிவிட்டுத்தான் டீச்சர் தூங்குவார்.

பெரிய வகுப்புகளுக்கு இது கைகொடுத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் போதவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து விரல் பிடித்து எழுத வைக்க ஆள் வேண்டும். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலையில் வீடுகளுக்கு அருகிலேயே 1 முதல் 8ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது இதற்காகத்தான்.

இன்று வாட்ஸ்அப்பில் பெரிய பைல்களையும் அனுப்பலாம். ஆனாலும் டேட்டா தீர்ந்த போனுக்கும், மெமரி நிரம்பிய போனுக்கும் சின்ன பைல்தான் வசதி. அடுத்த மழை விடுமுறையில் உங்கள் பகுதி ஆசிரியர்களுக்கு இந்த வழியைச் செய்து காட்டுங்களேன்.