ஏரிக்கரையில் நடப்பவர்கள் கவனிக்க: சிறிய மண் அணைக்கும் பராமரிப்பு தேவை

காலை நடைக்கும் மீன்பிடிப்பதற்கும் மக்கள் நாடிச் செல்லும் பல பூங்கா ஏரிகள் இயற்கையாக உருவானவை அல்ல. ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி, இறுக்கி எழுப்பிய கரைதான் அந்த நீரைத் தாங்கி நிற்கிறது. பார்ப்பதற்குப் புல்மேடுபோல் இருந்தாலும் அது ஓர் அணை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை அத்தகையது. அதன் உயரம் சுமார் 12 மீட்டர். மின் உற்பத்திக்குப் பயன்பட்ட அது, 1957க்குப் பிறகு பொழுதுபோக்கு ஏரியாக மட்டுமே இருந்தது. 1977 நவம்பர் 6ஆம் தேதி பின்னிரவில், கனமழையைத் தொடர்ந்து கரை உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் உயிரிழந்தனர்.

கரையின் வெளிச்சரிவில் மண் சரிந்திருந்ததை 1973இல் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று காட்டியது. விசாரணைக் குழுவால் ஒரே காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. செங்குத்தான சரிவும் நீர்க்கசிவும் சேர்ந்து கரையைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று அது கருதியது.

கசியும் நீரின் நிறம்

மண் கரையில் சிறிதளவு நீர் கசிவது இயல்பு. தெளிவாகவும் ஒரே அளவிலும் வந்தால் கண்காணித்து வரலாம். நீர் கலங்கலாக வந்தாலோ திடீரென அதிகரித்தாலோ ஆபத்து. கரைக்குள்ளிருந்து மண் அரித்து வெளியேறுகிறது என்பதே அதன் பொருள். உள்ளே உருவாகும் துளை பெரிதாகி, சில மணி நேரத்திலேயே கரையை உடைத்துவிடலாம்.

மரம் வேண்டாம், புல் போதும்

நிழலுக்காகக் கரையில் மரம் நடுவது தவறு. மரம் பட்டுப்போனால் வேர்கள் மக்கி, நீர் புகும் வழிகளாகின்றன. புயலில் சாய்ந்தால் வேரோடு மண்ணையும் பெயர்த்துவிடும். கட்டையாக வெட்டிய புல் மண்ணரிப்பைத் தடுக்கும். வெடிப்பு, ஈரத்திட்டு, விலங்கு வளை போன்றவையும் எளிதில் கண்ணில் படும்.

அடைபடக்கூடாத வழி

உபரிநீர் வெளியேறும் பாதை அடைபட்டால் நீர் கரைமேல் வழியும். கான்கிரீட்டைப்போல் மண் அதைத் தாங்காது. பென்சில்வேனியாவில் மீன்பிடி மன்றம் ஒன்று வைத்திருந்த சவுத் ஃபோர்க் மண் அணையில், மீன்கள் தப்பாதிருக்க அந்தப் பாதையில் தடுப்புகள் வைக்கப்பட்டிருந்தன. 1889 மே 31ஆம் தேதி பெருமழையில் குப்பைகூளம் அங்கு சேர்ந்து அடைத்தது. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உயரமும் முன்பே குறைக்கப்பட்டிருந்தது. நீரைத் திறந்துவிடும் குழாய்களும் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன. அணை உடைந்து 2,209 பேர் மாண்டனர்.

அச்சத்தில் ஏரியை ஒரேயடியாக வடிப்பதும் சரியல்ல. ஈரத்தில் ஊறிய உட்சரிவு, நீரின் தாங்கல் திடீரென நீங்கினால் சரியக்கூடும். எவ்வளவு வேகத்தில் வடிப்பது என்பதைப் பொறியாளரே முடிவு செய்யவேண்டும்.

பொதுமக்கள் செய்யக்கூடியது

மழைக்காலத்திற்கு முன்பும் ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் கரையைச் சோதிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் தினமும் அங்கு நடப்பவர்களே மாற்றத்தை முதலில் காண்பார்கள். புதிய வெடிப்பு, தாழ்ந்த இடம், கலங்கல் கசிவு தெரிந்தால் படம் எடுத்து, நகராண்மைக் கழகத்திடமோ ஏரி நிர்வாகத்திடமோ உடனே தெரிவிக்கலாம். கரை சரியத் தொடங்கினால் படமெடுக்க நிற்காமல் மேட்டுப் பகுதிக்குச் சென்று, மலேசியாவில் 999 எண்ணை அழைக்கவேண்டும்.