பூங்காப் பாதையிலும் கடல் மணலிலும் மின் மிதிவண்டி: ஆரிகன் விதிகள்

மின் மிதிவண்டியை மிதிவண்டியாகக் கொள்வதா, மோட்டார் வாகனமாகக் கொள்வதா? அதை எங்கே ஓட்டலாம் என்பதற்கான விடை இந்த வகைப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பெடல் பொருத்தியது, மோட்டாரின் திறன் 750 வாட்டுக்குக் குறைவு, மோட்டாரால் மட்டும் ஓடும்போது வேகம் மணிக்கு 20 மைலுக்கு (32 கிலோமீட்டர்) உட்பட்டது என்றால் அது மிதிவண்டியே என்று 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வரையறுத்தது. ஆனால் அது விற்பனைப் பொருளின் பாதுகாப்புக்கான சட்டம். எந்தப் பாதையில் ஓட்டலாம் என்பதை அந்த நிலத்தை நிர்வகிப்பவரே முடிவு செய்கிறார்.

தேசியப் பூங்காக்களில் அந்த அதிகாரம் ஒவ்வொரு பூங்காவின் கண்காணிப்பாளரிடம் இருக்கிறது. 2020 இறுதியில் வந்த விதிப்படி, மிதிவண்டிக்கு இடமுள்ள பாதைகளில் மின் மிதிவண்டியையும் அவர் அனுமதிக்கலாம். ஆயினும் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத பாதைகளில், மிதிக்காமல் திராட்டிலை மட்டும் திருகிக்கொண்டு நெடுநேரம் போகக்கூடாது. வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சாதாரண சைக்கிளுக்கே இடமில்லை.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பூங்காத் துறை முன்பு மின் மிதிவண்டிகளை மோட்டார் வாகனங்களாகவே கருதியது. 2018-இல் அந்த நிலை மாறியது. தடை அறிவிப்பு இல்லாத இடங்களில், எட்டடி அல்லது அதற்கு மேல் அகலமுள்ள பாதைகளிலும் கடற்கரையிலும் ஓட்டலாம் என்றானது. எதிரே நடந்து வருபவர் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும் என்பதால், அகலத்தை அளவுகோலாக வைத்தது நியாயமே.

கடற்கரையில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. 1967-இன் கடற்கரைச் சட்டம் உலர்மணலிலும் பொதுமக்கள் பொழுதுபோக்கும் உரிமையை உறுதிசெய்தது. ஆனால் அதே உலர்மணல்தான் உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த ஸ்னோயி ப்ளோவர் பறவை முட்டையிடும் இடம். அலை எட்டாத மேட்டில் மணலைச் சற்றே குழித்து, பெரும்பாலும் மூன்று முட்டைகள் இடும். மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால், சில அடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கே அவை தென்படாது. வண்டியில் வருபவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆள் நெருங்கினாலே தாய்ப்பறவை எழுந்து ஓடிவிடும். காப்பாரற்ற முட்டைகளைக் காகம் கொத்திவிடும், காற்று மணலால் மூடிவிடும். பசிபிக் கரையோரம் வாழும் இப்பறவை 1993 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

எனவே மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, அது முட்டையிடும் இடமாகக் குறிக்கப்பட்ட பகுதிகளில் எந்த மிதிவண்டிக்கும் அனுமதியில்லை. நாயும் பட்டமும் டிரோனும் கூடாது. நடப்பவர்களும் ஈரமணலோடு நின்றுவிட வேண்டும். எல்லையைக் காட்டும் பலகைகள் கடற்கரை நுழைவாயில்களில் வைக்கப்படுகின்றன.