பத்து நிமிட வைத்தியம்

பழைய வண்டி – 17

நின்றே கிடக்கும் வண்டியைச் சரிசெய்வது சுலபம். கோளாறு எங்கும் ஓடிப்போகாது, பொறுமையாகத் தேடலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று ஆஃப் ஆகி, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிற வண்டிதான் ஆளை உருக்கிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் தையல் மெஷின் மாதிரி ஓடும். மெக்கானிக் வண்டியை விட்டுவிட்டு நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்.

நானும் அப்படி நாலு மாதம் அலைந்தேன். நாலு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று அந்தக் காலத்து லட்சணமெல்லாம் உள்ள வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் வரும் வியாதிக்குப் பெற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. திருநெல்வேலியில் கிளம்பித் தென்காசி போகும் வழியில், ஆலங்குளத்தை ஒட்டி எங்காவது நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி, பானெட்டைத் திறந்துவைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒரே செல்ஃபில் எடுக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும், அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கச் சொன்னார் என் மாமியார். அந்தச் செலவு ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. பிளக் மாற்றினேன், பாயிண்ட் மாற்றினேன், கண்டன்சர் மாற்றினேன், பெட்ரோல் பம்புக்கு கிட் போட்டேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம், பத்து நாள் நிற்காது. சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி முடித்ததும் மறுபடி ஆலங்குளம்.

கடைசியில், சந்திப்பில் ரயில்வே லைனை ஒட்டி ஷெட் வைத்திருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பானெட்டைத் திறக்கவே இல்லை.

“ஓடுத வண்டியில நான் என்னத்தப் பாக்க தம்பி? நிக்கும்போதுல்லா பாக்கணும்” என்றார்.

பிறகு மூன்று கேள்வி கேட்டார். நிற்கும்போது எப்படி நிற்கிறது, ஃபேன் சுவிட்சை அணைத்தது போலா, மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறுகிறவர் உட்காருவது போலா? கிளம்பி எத்தனை நிமிடத்தில் நிற்கிறது? திரும்ப உடனே எடுக்கிறதா, ஆறவிட்டால்தான் எடுக்கிறதா?

இந்த மூன்றையும் நாலு மாதத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதல் கேள்விதான் பாதிப் பாதையை அடைத்துவிடுகிறது. பெட்ரோல் வராமல் சாகிற என்ஜின் சொல்லிவிட்டுத்தான் சாகும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காது, குலுங்கும், இருமும், மிதிப்பைக் குறைத்தால் கொஞ்ச தூரம் சமாளிக்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்கிற வரைக்கும் அந்தத் தவிப்பு. கரண்ட் போய்ச் சாகிற என்ஜினுக்கு இந்த முன்னறிவிப்பே இருக்காது. ஓடியது, நின்றது, அவ்வளவுதான். என்னுடையது இரண்டாவது ரகம். அப்படியிருக்க, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நான் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இரண்டாவது கேள்விக்கு ‘ஆலங்குளம்’ என்று பதில் சொன்னேன். ஊரைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கிறேன் என்றார். யோசித்துப் பார்த்தால், கிளம்பி ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஒரு வாரம் நிற்காமல் ஓடியதன் மர்மமும் அங்கேயே அவிழ்ந்தது. ரிப்பேர் முடிந்த வாரங்களில் நான் டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்று கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியை ஓட்டியதே இல்லை. நிற்கும் அளவுக்கு அது சூடாகவில்லை. புதுக் கண்டன்சர் பேரில் நான் எழுதிய புண்ணியமெல்லாம் வீண்.

மூன்றாவது கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. ஆறவிட்டால் எடுக்கிறது என்பதை வைத்துப் பலரும் ‘ஏர் லாக்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பத்மினி, அம்பாசடர் காலத்து ஓட்டுநர்களுக்கு அது அன்றாட அனுபவம். பெட்ரோல் பம்ப் என்ஜின் பக்கவாட்டிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து அது உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, பக்கத்தில் என்ஜின் சூடு. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்திலேயே கொதிக்கத் தொடங்கும். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் மென்றுகொண்டிருக்கும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் சரியாகிவிடும். உண்மையான நோய், உண்மையான வைத்தியம்.

ஆனால் பத்து நிமிடம் காத்திருந்தால் சரியாகிற நோய் அது ஒன்றுதானா? டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. காத்திருந்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டி எடுக்கும். டேங்கின் துருவும் கசடும் உறிஞ்சு குழாயின் வாயில் போய் அப்பிக்கொண்டாலும் அப்படியே. உறிஞ்சல் நின்றதும் கசடு தானாகக் கீழே இறங்கிவிடும், வண்டி எடுக்கும். காயிலின் உள்சுற்றில் இன்சுலேஷன் போய்ச் சூட்டில் மட்டும் ஷார்ட் ஆனால்? ஆறியதும் எடுக்கும். நாலு வியாதிக்கும் ஒரே மருந்து, பேர் வாங்குவது ஈரத்துணி. அதனால் காத்திருந்து எடுத்தது என்பது ஒரு தடயமே இல்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் வண்டி செத்துக் கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். நாம் அந்த நேரத்தில் டீக்கடையில் இருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை அண்ணாச்சியே கூட வந்தார். மடியில் ஒரு பழைய பிளக், இரண்டு வயர் வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், அவ்வளவுதான் சாமான். ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழக்கம்போல நின்றது. எனக்கு அன்றைக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்தார். உஸ்ஸென்ற சத்தம் இல்லை. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தார். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சியது. ஆக, கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. ஏர் கிளீனரை மூடிவிட்டு, காயிலிலிருந்து வரும் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி, கையிலிருந்த பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடல் என்ஜினில் படும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. நடு வயரிலேயே பொறி இல்லாததால் ரோட்டார், மூடி, பிளக் எல்லாவற்றுக்கும் விடுதலை. டெஸ்ட் லேம்பைக் காயிலின் பிளஸ்ஸில் வைத்தார். எரிந்தது, சாவிப் பக்கத்திலிருந்து கரண்ட் வருகிறது. மைனஸில் வைத்துச் செல்ஃப் அடித்தபோது விட்டுவிட்டு மின்னியது, பாயிண்ட் திறந்து மூடுகிறது. காயிலைத் தொட்டார், கையை உதறிக்கொண்டார்.

“அடுப்புல்லா இது!”

ஈரத்துணி வந்தது. பம்புக்கு இல்லை, காயிலுக்கு. ஆறியதும் அதே பிளக்கில் நீலப் பொறி பளிச்சென்று அடித்தது.

இத்தோடு முடித்திருந்தாலும் நான் கும்பிட்டிருப்பேன். ஷெட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி காயிலின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தார். ஒன்றரை ஓம். அங்கேதான் வேர். சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் என்று ஒன்று இருக்கும். அவற்றுக்குப் போடுவது ஒன்றரை ஓம் காயில். ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கு மூன்று ஓம் காயில். என் வண்டியில் ரெசிஸ்டர் கிடையாது. எப்போதோ யாரோ கையில் கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள். மூன்று ஓமில் பாயிண்ட் மூடியிருக்கும்போது நாலு ஆம்பியர் இழுக்க வேண்டிய இடத்தில் இது எட்டு இழுக்கிறது. சூடும் அந்தக் கணக்கில் இரட்டிப்பு. பாயிண்ட் அடிக்கடி கருகியதற்கும் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு காயிலுக்கும் வித்தியாசமே தெரியாது.

பேட்டரி, பாயிண்ட், காயில் என்ற இந்த ஏற்பாட்டை 1910-களை ஒட்டி கேடிலாக் கார்களுக்காகச் செய்து கொடுத்தவர் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். நம் ஊரில் அது பல தலைமுறை ஓட்டுநர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்‌ஷன் வண்டியில் பழைய பிளக்கை வைத்துப் பொறி பார்க்கும் வேலை வேண்டாம், விலை உயர்ந்த பாகம் போய்விடலாம். அங்கே இரண்டு விஷயம் கவனித்தால் போதும். கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே என்ஜின் செத்தால் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். வண்டி உருள்கிறது, முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது என்றால் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல், அல்லது சாவி சுவிட்ச் மேல். முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் பார்க்கலாம். இன்னொன்று, நின்ற கையோடு சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ஊம்’ என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ். இந்த இரண்டையும் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை குறையும்.

2023-லிருந்து பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு எத்தனால் ஆகாது, டேங்கில் படிந்த கசடையும் அது கிளப்பிவிடும். ஹோஸைக் கிள்ளிப் பாருங்கள். கொழகொழவென்றோ வெடித்தோ இருந்தால் எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக மாற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை. வண்டி நிற்கிறதே என்று எத்தனாலின் தலையில் எல்லாப் பழியையும் போடுவதற்கு முன் காயிலைத் தொட்டுப் பாருங்கள்.

டிக்கியில் ஒரு பழைய பிளக்கும் டெஸ்ட் லேம்பும் போட்டு வையுங்கள். வண்டி நின்றால் முதலில் பாதுகாப்பான ஓரம், அபாய விளக்கு. ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் அந்தச் சோதனையே கூடாது. டேங்கை இறக்கித் துரு எடுப்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காயிலை மீட்டரில் அளந்து, எத்தனை ஓம் என்று அதன் முதுகிலேயே பெயின்ட் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.